நான்கு 'இல்லை'களும் ஐந்தாம் பெயரும்

செஞ்சியில் அடியேனுக்கு ஆழ்ந்த பக்திமான் என்றொரு பெயர் உண்டு. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சிங்கவரம் குன்றில் கண்ணை மூடிக்கொண்டு நான் நிற்பதைப் பார்த்தவர்கள், பெருமாளிடம் உருகிப்போய் நிற்கிறார் என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்கள். ஒருமுறை முன்பின் அறியாத ஒருவர் என் காலில்கூட விழுந்துவிட்டார். உண்மை வேறு. அந்த வரிசையில் பலர், அரசு மருத்துவமனையின் பதினாறாம் அறைக்கு என்னிடம் மனநல ஆலோசனைக்கு வருகிறவர்கள். மனைவியோடும் சம்பந்தியோடும் நிற்கிற ஒருவரைப் பார்த்து நான் தலையசைத்தால், 'இவர் உங்களுக்கு எப்படிப் பழக்கம்?' என்ற கேள்வி துளசித் தீர்த்தம் வாங்குவதற்குள் வந்துவிடும். ஆகவே கண்ணை மூடிக்கொள்வேன். பள்ளிகொண்ட பெருமாள் துயில்வதுபோல் இருந்து எல்லாம் அறிவார். அடியேன் எல்லாம் அறிந்தும் துயில்வதுபோல் நிற்பேன். என் பக்தியில் சரிபாதி தொழில் ஒழுக்கம் என்பதை, ஓய்வுபெற்றுவிட்ட துணிச்சலில் உங்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

வட்ட மருத்துவமனைகளில் ஆலோசகர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு எதையாவது எழுதித் தரவேண்டும் என்று கேட்டார்கள். பதிவேடு எப்படி வைப்பது, மாதாந்திர அறிக்கையை எப்போது அனுப்புவது என்பவற்றைச் சொல்லித்தர அலுவலகத்தில் ஆள் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது வாயைப் பற்றி.

எனக்கு வேலை பழக்கிய மூத்த மருத்துவர் ஒருவர் இருந்தார். சேர்ந்த அன்றே அவர் சொன்னது இது: "கடைத்தெருவுல நம்மகிட்ட வந்தவங்க எதிர்ப்பட்டா, அவங்க கும்பிட்டா நீயும் கும்பிடு. கும்பிடலன்னா நீ குருடன்." இதை அவர் கடைப்பிடித்த விதத்தில் ஊரில் தலைக்கனம் பிடித்தவர் என்று பெயரெடுத்தார். அதே வேலையைச் செய்து நான் பக்திமான் ஆனேன். அவரவர் கொடுப்பினை.

குருடனாக இருப்பது எளிது. ஊமையாக இருப்பதுதான் கடினம். ஏனென்றால் சிலரிடம் மட்டும் ஊமையாக இருப்பவன் ஊமையே அல்லன். இதை எனக்கு ஒரு வெயில் நாளின் பதினைந்து நிமிடங்கள் கற்றுக்கொடுத்தன. அந்தக் கதையில் வரும் பெண்களின் பெயர்களைச் சொல்லமாட்டேன். ஊர்களையும் சீட்டுக்கட்டுபோல் கலைத்துப் போட்டிருக்கிறேன். துப்பறிய முயலவேண்டாம்.

அந்த ஆண்டு எங்கள் வட்டாரத்தில் செவிலியர் படிப்பு முடித்த ஐந்து பெண்களுக்கு ஒரு குளிர்நாட்டில் வேலை கிடைத்திருந்தது. ஊரே பேசிக்கொண்டிருந்தது. தொண்டூர்ப் பெண்ணின் தந்தை, கத்திரி வெயிலில், செஞ்சிக் கடைத்தெரு முழுவதும் கம்பளிச் சட்டை தேடி அலைந்தார். துணிக்கடைக்காரர் ஒருவர், "நைனா, இந்தக் காந்தல்ல அதைத் தொட்டாலே எனக்கு வேர்க்குது, ஐப்பசியில வா" என்று அனுப்பிவைத்தாராம். அந்த மனிதர் சளைக்கவில்லை. மகள் விமானம் ஏறுவதை அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டவர்போல் நடந்தார்.

அப்படியொரு நாளில்தான், புறநோயாளிகள் கலைந்த நேரத்தில், டை கட்டிய இளைஞன் ஒருவன் வியர்வையோடு பதினாறாம் அறைக்குள் வந்தான். சென்னையில் ஒரு சரிபார்ப்பு நிறுவனத்தில் வேலை. அந்தக் குளிர்நாட்டின் எல்லை அதிகாரிகள், உள்ளே வரப்போகிறவர்களைப் பற்றி விசாரித்துச் சொல்லும் பணியை அந்நிறுவனத்திடம் விட்டிருந்தார்கள். அவனுக்கு வழிகாட்டியாகக் கூட வந்தவர் எங்கள் ஊர் ஏட்டு. கடவுச்சீட்டு விசாரணைக்கு வீடு வீடாகப் போகிறவர் அவர்தான் என்பதால் ஐந்து வீடும் அவருக்கு அத்துப்படி. ஐவரில் ஒருத்தி அவருடைய மகள். நல்ல மனிதர், என்னைச் 'சாமி சார்' என்றுதான் அழைப்பார்.

நான் மூலையில் கை கழுவிக்கொண்டிருந்தேன். மேசையருகே இருந்தவர் செவிலியர். கட்டுப்போடும் பிரிவிலிருந்து ஒரு வாரத்துக்கு எங்களுக்குக் கடனாக அனுப்பப்பட்டவர். ஊரில் எல்லாரையும் தெரியும், எல்லார்மேலும் பிரியம். இளைஞன் கைக்கணினியைத் திறந்து, "ஒண்ணும் இல்ல மேடம், அஞ்சு பேரு சொல்றேன். இந்த ரூமுக்கு ட்ரீட்மெண்டுக்கு வந்திருக்காங்களா, இல்லையா, அவ்ளோதான்" என்றான். நான் துண்டைத் தேடிக்கொண்டிருந்தபோதே ஆரம்பித்துவிட்டான்.

மண்டகப்பட்டுப் பெண்ணின் பெயர் முதலில்.

"அதுவா? சேச்சே, இல்ல."

தளவானூர்ப் பெண்.

"அவளா? அவ வரமாட்டா தம்பி, நாலு பேரை இங்க அனுப்புவா. இல்லன்னு போட்டுக்க."

மூன்றாவது ஏட்டின் மகள். செவிலியர் சிரித்தார். "நம்ம ஏட்டய்யா பொண்ணு எதுக்கு இங்க வரப்போவுது? இல்ல." ஏட்டு மீசையைத் தடவிக்கொண்டார்.

நான்காவது பெயருக்கும் 'இல்லை'. ஒவ்வோர் 'இல்லை'க்கும் கைக்கணினியில் ஒரு பச்சைக்குறி விழுந்தது.

ஐந்தாவது, தொண்டூர்ப் பெண்.

செவிலியர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். ஜன்னல் பக்கம் திரும்பி, அங்கே இல்லாத எதையோ பார்த்தார்.

இளைஞனின் விரல் கைக்கணினியின் மேல் அப்படியே நின்றது. ஏட்டின் புருவம் உயர்ந்தது. ஒரு சொல்லும் சொல்லப்படவில்லை. எல்லாம் சொல்லப்பட்டதுபோல் ஆகிவிட்டது.

இளைஞர்களே, அந்தக் கணத்தை நன்றாகப் பாருங்கள். செவிலியர் செய்த பிழை ஐந்தாம் பெயருக்கு மௌனமானது அல்ல. அது நம் கடமை. பிழை, முதல் நான்கு பேருக்கும் அன்பாக 'இல்லை' என்றது. நம் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது: நல்ல வார்த்தை சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் விடமாட்டோம். நால்வருக்கு நற்சான்று வழங்கினோம்; அந்த நற்சான்றே ஐந்தாமவள்மேல் விரலை நீட்டிவிட்டது.

"இன்னா சார் பெரிய விஷயம்?" என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான், நிதானமாகத் துண்டால் கையைத் துடைத்தபடி, இளைஞனிடம் கேட்டேன். "வந்திருந்தா இன்னா தம்பி ஆவும்?"

"அது அவங்க முடிவு சார். போன தடவை வேற ஊர்ல ஒரு பையன். ரெண்டு மாசம் தூக்க மாத்திரை சாப்ட்டிருக்கான், அவ்ளோதான். ஏர்போர்ட்ல இறங்கினதும் தனியா உட்கார வெச்சு, அடுத்த ஃபிளைட்ல திருப்பி அனுப்பிட்டாங்க. இனிமே எந்த நாட்டுக்கு அப்ளை பண்ணாலும் அதைச் சொல்லணும்." வானிலை சொல்வதுபோல் சொன்னான்.

எனக்குப் பழக்கம் ஒன்று உண்டு. பதில் தெரியாத கேள்வி வந்தால் மனத்துக்குள் ஒரு பாசுரத்தின் இரண்டடியை ஓடவிடுவேன். அது ஓடி முடியும்வரை வாய் திறப்பதில்லை. அந்த இரண்டடிக்குள் மூன்று வழிகளைப் பார்த்தேன். ஒன்று, 'அவளும் வரவில்லை' என்று சொல்வது. அவள் வந்திருந்தால் அது பொய். என்றைக்காவது பொய் என்று தெரிந்தால் தண்டனை எனக்கல்ல, எல்லையில் நிற்கும் அவளுக்கு. வந்திராவிட்டால் அது உண்மை. ஆனால் நாளை வேறொருத்திக்காக நான் மௌனம் காக்கும்போது அந்த உண்மையே அவளைக் காட்டிக்கொடுக்கும். இரண்டு, மௌனத்தைத் தொடர்வது. அதன் விலையைத்தான் மேசையில் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது வழி கொஞ்சம் குறும்பானது. நாற்காலியில் உட்கார்ந்து அதையே எடுத்தேன்.

"தம்பி, அந்த நாலு பச்சைக்குறியையும் அழிச்சிடுங்க" என்றேன்.

"எதுக்கு சார்?"

"சிஸ்டர் இந்த ரூமுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆவல. போன மாசம் யார் வந்தாங்க, போன வருஷம் யார் வந்தாங்கன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? அவங்க சொன்னதை நீங்க அனுப்பி, நாளைக்கு அது தப்புன்னு ஆச்சுன்னா, தலை உருள்றது சிஸ்டருக்கா, உங்களுக்கா?"

பிறருடைய வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போது அசையாதிருந்த அவன் முகம், தன் வேலை என்றதும் அசைந்தது; நான்கு குறிகளையும் அழித்தான். ஆனாலும் கெட்டிக்காரன். "அப்ப அஞ்சாவது பேருக்கு மட்டும் ஏன் மேடம் நிறுத்தினீங்க?"

செவிலியர் மெல்லத் திரும்பினார். "காலையிலேர்ந்து ஒரு வாய் டீ குடிக்கல தம்பி. அஞ்சு பேருக்கு வக்காலத்து வாங்க என்னால ஆவாது. நீ போய் ஒரு டீ வாங்கினு வா, ஆறாவது பேரு கூட சொல்றேன்."

பெருமாள் சில நேரம் அடியார்க்கு இப்படித்தான் துணை அனுப்புகிறார்.

"சரி சார், நீங்களே சொல்லுங்க. அஞ்சு பேரும் வந்தாங்களா, இல்லையா?"

"வந்தாங்கன்னும் சொல்லமாட்டேன். வரலன்னும் சொல்லமாட்டேன். அஞ்சு பேருக்கும் இதுதான் பதில்."

"அவங்க அப்ளிகேஷன்ல சைன் பண்ணியிருக்காங்க சார்."

"மனநல விவரத்தைக் குடுங்கன்னு எழுதியிருக்கா? படிச்சிக் காட்டுங்க."

அவன் தேடினான். பின்னணி விசாரணைக்குச் சம்மதம் என்று மட்டுமே இருந்தது. எரிச்சலில், "அப்ப என்னைப் பத்திக் கேட்டாகூட இதையேதான் சொல்வீங்களா? நான் இந்த ஊருக்கே இன்னிக்குத்தான் வரேன்" என்றான்.

"உங்களைப் பத்தி யார் கேட்டாலும், நீங்க வந்தீங்கன்னும் சொல்லமாட்டேன், வரலன்னும் சொல்லமாட்டேன்."

"நான்தான் உங்க எதிர்லயே உட்கார்ந்திருக்கேனே."

"அதையும் சொல்லமாட்டேன்."

ஏட்டு தொடையில் தட்டிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர், பாதியில் நிறுத்தினார். மூன்றாவது பச்சைக்குறியும் அழிந்துவிட்டது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"சாமி சார், நில்லுங்க. எம் பொண்ணு வரலியே."

"சொல்லமாட்டேன், ஏட்டய்யா."

"சார், பொறந்தப்ப இந்தக் கையாலதான் முதல்ல தூக்கினேன். எனக்குத் தெரியாதா? வரலன்னு ஒரு வார்த்தை சொன்னா இன்னா உங்களுக்கு?"

"நீங்க சொல்லுங்க, யாரு வேணான்னா? நான் சொல்லமாட்டேன்."

"எவளோ ஒருத்திக்காவ எம் பொண்ணு பேர்ல சேத்தை வாரிப் பூசுறீங்க."

ஏட்டு எழுந்து நின்றார். காக்கி எழுந்து நின்றால் நாற்காலியில் இருப்பவன் குறுகிப்போவான், நானும் குறுகினேன். "நாளைக்கு நீங்க இந்த டவுன்ல வண்டி ஓட்ட வேணாமா?" என்றார்.

"ஹெல்மெட் போட்டுனுதான் ஓட்டுறேன்."

அவர் பதில் சொல்லாமல் வெளியே போய், மருத்துவமனையின் தலைமை மருத்துவரைக் கையோடு அழைத்து வந்தார். தலைமை மருத்துவர் எப்போதும் வேறெங்கோ போகவேண்டிய அவசரத்தில் இருப்பவர். வாசலில் நின்றபடியே, "இன்னாங்க சாமி சார், போலீஸ்காரரோட இன்னா தகராறு? வரலன்னா வரலன்னு சொல்லி அனுப்புங்க, எனக்கு டென்ஷன் குடுக்காதீங்க" என்றார்.

நான் எழுந்து வணங்கிவிட்டு, ஏட்டைப் பார்த்தே பேசினேன். "ஏட்டய்யா, கோயில்ல நைவேத்தியத்துக்குத் திரை போடுறாங்க. என்னிக்காவது போடாம வுட்டாங்களா?"

"அது எப்பவும் போடுவாங்க."

"பொங்கல் குழைஞ்சிப்போன அன்னிக்கு மட்டும் திரை போட்டா இன்னா ஆவும்?"

ஏட்டு யோசித்தார். "இன்னிக்கு பொங்கல் சரியில்லன்னு வாசல்ல நிக்கிறவன் வரைக்கும் தெரிஞ்சிடும்."

"அவ்ளோதான் சார் விஷயம். தெனம் போட்டாத்தான் அது திரை. உங்க பொண்ணுக்கு மட்டும் நான் திரையை விலக்கினா, மத்தவங்களைக் காட்டிக்குடுத்தவன் ஆயிடுவேன்." பிறகு தலைமை மருத்துவரிடம் திரும்பினேன். "ஐயா, உங்க பேரைச் சொல்லி யார் கேட்டாலும் அடியேன் இதையேதான் சொல்லுவேன்."

"என் பேரையுமா?"

"ஆமாம் ஐயா."

"என் மாமியார் பேரைக் கேட்டா?"

"அவங்களுக்கும் இதேதான்."

"அவங்களைப் பத்தி மட்டும் உண்மையைச் சொல்லிடுங்க" என்றார். எல்லாரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவர் தம் காலணிகளைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு, முன்பிருந்த அவசரம் இல்லாத குரலில், "அவர் சொல்றதுதாங்க சட்டம். தம்பி, அஞ்சு பேருக்கும் பதில் தர மறுத்துட்டாங்கன்னு போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தலைமை மருத்துவர் என்றைக்காவது பதினாறாம் அறைக்கு வந்ததுண்டா என்று உங்களில் சிலர் இந்நேரம் யோசிப்பீர்கள். நீங்களும் அந்த டை கட்டிய இளைஞனின் இனம்தான். போய் வேலையைப் பாருங்கள்.

இத்தோடு கதை முடிந்ததென்றால் நான் வெற்றிக்கொடி நாட்டியவனாகக் காட்சி தருவேன். அப்படி இல்லை. அடுத்து வந்த வாரங்களில் காலைப் பாராயணம் ஓடவில்லை. பாதியில் அடி மறந்துபோகும். ஒருத்தியைக் குடைக்குள் இழுப்பதற்காக நால்வரை மழையில் நிறுத்திவிட்டேனோ? மறுப்பு என்ற சொல்லைப் பார்த்து அந்நாட்டார் ஐவரையும் நிறுத்திவிட்டால்? கடைத்தெருவில் தொண்டூர்க்காரர் எதிர்ப்பட்டார்; கம்பளிச் சட்டை கிடைத்துவிட்டது போலும், கையில் பெரிய பொட்டலம். நான் கண்ணை மூடிக்கொள்ளவும் இல்லை, திறந்து பார்க்கவும் இல்லை. பூக்கடையில் வேண்டாத கதம்பத்தை விலை பேசிக்கொண்டிருந்தேன். ஏட்டோ என் வண்டியைக் கண்ட இடத்திலெல்லாம் நிறுத்தினார். ஹெல்மெட் இருக்கும். உரிமம் இருக்கும். "கண்ணாடி லூசா இருக்குது" என்பார். சாமி சார் என்ற அழைப்பு நின்று, வெறும் சார் ஆகியிருந்தது.

ஒருநாள் செய்தி வந்தது. அந்நாட்டார் ஐவரையும் தம் மருத்துவர் ஒருவரிடம் அனுப்பி, கேட்கவேண்டியதை அந்தப் பெண்களிடமே கேட்டிருந்தார்கள். முதலிலேயே அதைத்தான் செய்திருக்கவேண்டும். என்ன கேட்டார்கள், யார் என்ன சொன்னார்கள் என்பது அவரவர் சொந்த விஷயம். ஐவருக்கும் அனுமதி கிடைத்தது. ஐவரும் போய்ச் சேர்ந்தார்கள். எல்லையில் ஒருத்தியும் தனியாக உட்காரவைக்கப்படவில்லை. அன்று பாராயணம் தடங்கலின்றி ஓடிற்று.

செவிலியர் அன்று ஏன் வாயை மூடினார் என்று நான் அவரிடம் இதுவரை கேட்டதில்லை. நாளைக்கு நான் வாக்குமூலம் தரவேண்டி வந்தால், எனக்கே தெரியாது என்று என்னால் உண்மையாகச் சொல்லமுடியும். இதையும் ஒரு பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்: தெரிந்துகொள்ளத் தேவையில்லாததைத் தெரிந்துகொள்ளாதீர்கள்.

நான் ஓய்வுபெற்றபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஏட்டு என் வீட்டுக்கு வந்தார். சீருடையில்லை. கையில் மைசூர்பாகு. மகள் முதல் சம்பளத்தில் ஏதோ அனுப்பியிருக்கிறாளாம். குடும்ப நலம், மழை, மணிலாக்கொட்டை விளைச்சல் எல்லாம் பேசினோம். எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"சாமி சார், ஒண்ணு கேக்கணும். நீங்க சொல்லமாட்டீங்கன்னு தெரியும்."

"பின்ன ஏன் கேக்குறீங்க?"

"எம் பொண்ணு... அங்க வந்துச்சா?"

தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"அன்னிக்கு வரலன்னு கத்தினேன். அவ போனப்புறம் வீடு வெறிச்சினு கெடக்குதா, ஒண்ணொண்ணா நெனப்பு வருது. ரெண்டாவது வருஷம் படிக்கறப்ப ஒரு மூணு நாலு மாசம் சரியாவே சாப்டல. கதவைச் சாத்தினே கெடந்தா. நான் பந்தோபஸ்து, டூட்டின்னு அலைஞ்சினு இருந்தேன். ஸ்டேஷன்ல எவன் மூஞ்சைப் பாத்தாலும் இவன் இன்னா பண்ணியிருப்பான்னு சொல்லிடுவேன் சார். வீட்ல பாக்கல." மைசூர்பாகு டப்பாவின் ரப்பர் வளையத்தை இழுத்து இழுத்து விட்டார். "வந்துச்சுன்னா, யாராவது ஒருத்தர் அதுகிட்ட பேசினாங்கன்னு நிம்மதியாவும். வரலன்னா, ஒண்ணுமில்லன்னு நிம்மதியாவும். ஏதோ ஒண்ணு சொல்லுங்க."

இளைஞர்களே, கைக்கணினியோடு வந்தவனுக்குச் சொல்லாதிருப்பது வீரம்போல் தோன்றும். கொஞ்சம் சுகமாகக்கூட இருக்கும். கண்கலங்கி உட்கார்ந்திருக்கிற ஒரு தந்தைக்குச் சொல்லாதிருப்பதில் சுகமே இல்லை. சொல்லவேண்டிய ஒரே சொல் நாவின் நுனியில் நின்றது. அது எந்தச் சொல் என்று உங்களுக்கும் சொல்வதற்கில்லை.

"அவளுக்கே போன் போடுங்க, ஏட்டய்யா" என்றேன். "அங்க போனியான்னு கேக்காதீங்க."

"வேற இன்னா கேக்குறது?"

"அந்த நாலு மாசம் நான் பாக்காம வுட்டுட்டேன்னு சொல்லுங்க. மிச்சத்தைச் சொல்றதா வேணாமான்னு அவ பாத்துக்குவா."

அவர் வாசலுக்குப் போய், வேப்பமரத்தடியில் வண்டிமேல் சாய்ந்துகொண்டு போனைக் காதில் வைத்தார். "பாப்பா, தூக்கத்துல எழுப்பிட்டனா? ... இல்லடா, ஒண்ணுமில்ல, சும்மாதான்..." அவர் குரல் உள்ளே நன்றாகக் கேட்டது. எழுந்து கொல்லைப்பக்கம் போய், தண்ணீர் மோட்டாரைப் போட்டேன். எங்கள் வீட்டு மோட்டார் தெருவுக்கே கேட்கும்படி அலறும்.

தொட்டி நிறைந்தது. வழிந்தது. "தண்ணி வாசலுக்கு வந்துடுச்சு, நிறுத்துங்களேன்" என்று மனைவி உள்ளேயிருந்து கத்தினாள். சுவிச்சில் கை வைத்தபடி எட்டிப் பார்த்தேன். நனைந்த தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றபடி ஏட்டு இன்னும் பேசிக்கொண்டிருந்தார். நிறுத்தாமலே சுவிச்சிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.